மூணாவது வேன்

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்க தம்பி. எனக்குக் காத்து வேண்டாம். இந்த ஓரத்துல உட்கார்ந்தாத்தான் முன்சீட்டு தெரியும். ஒண்ணுமில்லீங்க, ஒரு ஆளைக் கவனிச்சுக்கிட்டே போகணும். சேச்சே, போலீஸ் எல்லாம் இல்ல. இந்தத் தொந்தியை வெச்சுக்கிட்டுப் போலீசா?

நீங்க எது வரைக்கும்? கிருஷ்ணகிரியா? நான் ஓசூரு. அது என்ன புத்தகம், பரீட்சைக்குப் படிக்கறீங்களா? காட்டுங்க பார்ப்போம். 'முதல் உலகப் போரில் இறங்குவதை வல்லரசுகள் தவிர்த்திருக்க முடியுமா? விவாதிக்க.' அட கடவுளே. மூடுங்க தம்பி, மூடி வைங்க. இந்தக் கேள்வியாலதான் என் பேரன் பொறந்து ஒரு மாசத்துக்கு மேல ஆகியும் நான் அவன் மூஞ்சியைப் பார்க்கலை.

சிரிக்காதீங்க. சரி, சிரிங்க. ஊரே சிரிச்சாச்சு, நீங்க ஒருத்தர் சிரிக்காம இருந்து என்ன ஆகப்போகுது.

என் பேரு அர்த்தநாரி. ராசிபுரம். போக்குவரத்துக் கழகத்துல டைம் கீப்பரா இருந்து ரிட்டயர் ஆனேன். வண்டியை நேரத்துக்குக் கிளப்பினது கம்மி, ஏன் கிளம்பலைன்னு காரணம் எழுதினதுதான் ஜாஸ்தி. அந்தப் பழக்கமோ என்னமோ, காரணம் சொல்றதுல என்னை யாரும் அடிச்சுக்க முடியாது. அதனால பட்டிமன்றத்துல பேச ஆரம்பிச்சேன். எங்க நகர்ல பிள்ளையார் சதுர்த்திக்கு வருஷா வருஷம் பட்டிமன்றம் நடக்கும். போன வருஷம் 'மாமியாரா மருமகளா'ன்னு ஒரு தலைப்பு வெச்சு, ரெண்டு வீட்டுல அடுப்பே பத்த வைக்கலை. அதனால இந்தத் தடவை கமிட்டிப் பசங்களுக்கு நான்தான் யோசனை சொன்னேன். "எந்தக் குடும்பத்துலயும் மனஸ்தாபம் வராத தலைப்பா வைப்போம்டா"ன்னேன். உலகப் போரு. ராசிபுரத்துல யாருக்கு என்ன வரப்போகுது, சொல்லுங்க.

தவிர்த்திருக்கலாம்ங்கற அணிக்கு நான் தலைவன். தவிர்த்திருக்க முடியாதுங்கற அணிக்குத் தலைவரா வர வேண்டியவருக்கு அன்னைக்குப் பார்த்து தொண்டை கட்டிக்கிச்சு. எங்க சம்மந்தி நல்லாப் பேசுவாரு, சங்ககிரியில கூட்டுறவு சொசைட்டியில செக்ரெட்டரியா இருந்தவரு. நானே போன் போட்டுக் கூப்பிட்டேன். என் வாயாலயே. குழந்தைவேல்னு பேரு. என் பொண்ணு பூங்கோதையை அவரு பையன் மதிவாணனுக்குத்தான் குடுத்திருக்கு.

மெதுவாப் பேசுவோம் தம்பி. அதோ, ரெண்டு சீட்டு முன்னாடி, குல்லா போட்டுக்கிட்டு வாயைத் திறந்து தூங்கறாரு பாருங்க. அவருதான்.

ஆமாங்க, அவரேதான். பேசிக்கறதில்ல. அஞ்சு மாசமாச்சு. சேலத்துல ரெண்டு பேரும் ஒரே வண்டியில ஏறினோம். கண்டக்டர் வந்தாரு. அவரும் ஓசூருன்னாரு, நானும் ஓசூருன்னேன். "சேர்த்துக் குடுக்கட்டுங்களா?"ன்னு கேட்டாரு கண்டக்டர். "தனித்தனி"ன்னு ரெண்டு பேரும் ஒண்ணாச் சொன்னோம். இந்த அஞ்சு மாசத்துல நாங்க ஒத்துப்போனது அந்த ஒரு வார்த்தையிலதான்.

பட்டிமன்றத்துக்கு வர்றேன். நான் நல்லாத்தான் பேசினேன், பெருமைக்குச் சொல்லலை. இல்ல, பெருமைக்குத்தான் சொல்றேன். ஜெர்மனி ராஜாவும் ரஷ்யா ராஜாவும் யாரு? சொந்தக்காரங்க. ரஷ்யா ராஜா பொண்டாட்டிக்கு ஜெர்மனி ராஜா பெரியம்மா பையன். நம்ம முறையில பார்த்தா மச்சானாகுது. மச்சானுங்க ரெண்டு பேரும் தந்தி மேல தந்தி அடிச்சுக்கறாங்க, ஆனா படையை மட்டும் நிறுத்த மாட்டேங்கறாங்க. செர்பியாவுக்கு ஆஸ்திரியாக்காரன் நிபந்தனை மேல நிபந்தனை போட்டான். கிட்டத்தட்ட எல்லாத்துக்கும் செர்பியாக்காரன் தலையாட்டிட்டான். மிச்சம் இருந்த ஒண்ணே ஒண்ணுக்காக உலகத்தைக் கொளுத்துவீங்களான்னு கேட்டேன். கைதட்டல் அடங்கவே இல்ல.

சம்மந்தி எழுந்தாரு. "ஒருத்தன் படையைத் திரட்டினா அடுத்தவனும் திரட்டித்தான் ஆகணும். ரயிலுக்கெல்லாம் நேரம் குறிச்சாச்சு. இவன் நிறுத்தினா அவன் முந்திக்குவான். யாராலயும் நிறுத்த முடியாது"ன்னாரு. விடுவனா நான்? "ஸ்டாண்டை விட்டுக் கிளம்பின வண்டியையே விசிலடிச்சு நிறுத்தினவன் நான். நிறுத்தறதுக்கு வண்டி காரணமில்லீங்க, மனசுதான் காரணம்"னேன். அதுக்கும் கைதட்டல்.

அதோட உட்கார்ந்திருக்கலாம். மைக் சூடா இருந்துச்சு தம்பி. கூட்டத்தை ஒரு தடவை சிரிக்க வெச்சுட்டா அப்புறம் நாக்கு நம்ம பேச்சைக் கேக்காது. "எங்க பொண்ணு கல்யாணத்துல கடைசிப் பந்திக்குப் பாயசம் எட்டலைன்னு எங்க சம்மந்தி மூணு மாசம் முறைச்சுக்கிட்டிருந்தாரு. அப்பவும் சண்டை வரலை. ஏன்னா நான் விட்டுக்குடுத்துப் போனேன்"னு ஒரு உதாரணம் சொன்னேன். சமாதானத்துக்குத்தான் உதாரணம் சொன்னேன், கவனிங்க.

அவரு உட்கார்ந்த இடத்துலயே மைக்கை இழுத்து, "எட்டலைன்னு இல்லீங்க, காய்ச்சவே இல்லை"ன்னாரு. சிரிப்பு. நான் விடலாமா? "காய்ச்சினதை முதல் பந்தியிலேயே குடிச்சுத் தீர்த்தது யாருன்னு நான் பேரு சொல்ல மாட்டேன்"னேன். சொல்லிட்டு அவரு தொப்பையைப் பார்த்தேன். பார்த்தது மட்டும்தான். பார்வைக்கெல்லாம் கணக்குப் பார்த்தா என்ன பண்றது?

தீர்ப்பு எனக்குத்தான். நடுவரு சால்வை போத்தினாரு. மேடையில எவ்வளவு அடிச்சுக்கிட்டாலும் கீழே இறங்கினதும் ஒரே பந்தியில உட்கார்ந்து சாப்பிடறதுதான் பட்டிமன்றத்து வழக்கம். இட்லி, பொங்கல், கேசரின்னு எல்லாம் ரெடியா இருந்துச்சு. அவரு செருப்பைத் தேடி மாட்டிக்கிட்டுப் போயிட்டாரு. நான் பின்னாடியே ஓடிப் போயிருக்கணும்னு என் சம்சாரம் ராஜாமணி இன்னும் சொல்றா. சால்வையோட எப்படி ஓடறது? சறுக்கும்.

பசங்க அந்தப் பாயசப் பேச்சை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்புல போட்டுட்டானுங்க. எங்க குடும்பக் குரூப்புக்கும் வந்துச்சு. அனுப்பினது நான்தான். நல்லா வந்திருந்துச்சு தம்பி, என் பக்கத்து முகவெட்டு நல்லா விழுந்திருந்துச்சு. சம்மந்தி குரூப்பை விட்டு வெளியே போனாரு. அவரு தம்பி போனாரு. தம்பி சம்சாரம் போனாங்க. அவங்க போனதைப் பார்த்து எங்க பெரியப்பா பையன் போனான். அவன் ஏன் போனான்னு இன்னைக்கு வரைக்கும் எனக்குப் புரியலை.

அப்புறம் மாப்பிள்ளை போன் பண்ணாரு. பாவம், தங்கமான பையன். "மாமா, அப்பா மூணு விஷயம் எதிர்பார்க்கறாரு. வீடியோவை எடுத்துடுங்க. அம்மாகிட்ட ஒரு வார்த்தை பேசிடுங்க. அடுத்த கூட்டத்துல அதே மைக்குல பாயசம் பத்தலைன்னு ஒத்துக்குங்க"ன்னாரு. நான் என்ன முரடனா? வீடியோவை எடுத்தேன். தெய்வானை அம்மாகிட்ட, அதான் சம்மந்தியம்மா, பேசினேன். மைக்குல மட்டும் முடியாதுன்னேன். வீட்டுல வெச்சு வேணா சொல்றேன், மைக்குல மாட்டேன்.

தெரியுது, நீங்க என்ன கேக்கப்போறீங்கன்னு தெரியுது. மிச்சம் இருந்த ஒண்ணே ஒண்ணுன்னு நானே மேடையில கேட்டேனேன்னுதானே? அது செர்பியா தம்பி. அது வேற, இது வேற.

இதுக்குள்ள பூங்கோதைக்கு ஏழாம் மாசம் வந்துட்டுது. எங்க பக்கம் ஏழாம் மாசம் கட்டுச்சோறு விருந்து வைப்போம். பொண்ணு வீட்டுக்காரங்க புளிசாதம், எலுமிச்சஞ்சாதம், தயிர்சாதம்னு கட்டிக்கிட்டு மாப்பிள்ளை வீட்டுக்குப் போயி, விருந்து வெச்சு, வளையல் போட்டு, பிரசவத்துக்குப் பொண்ணைக் கூட்டிக்கிட்டு வரணும். ஒரே பொண்ணு தம்பி. அவளுக்குன்னு மாடி அறைக்கு வெள்ளையடிச்சு, தொட்டில் மாட்ட உத்தரத்துல கொக்கி கூட அடிச்சு வெச்சிருந்தேன். எனக்கு அந்தக் கொக்கியைப் பார்த்தா சந்தோஷமா இருக்கும். தினம் காலையில போயி ஒரு தடவை பார்ப்பேன்.

அப்போ எங்க மச்சான் ஒரு சேதி கொண்டு வந்தான். சங்ககிரியில பொண்ணை அனுப்ப மாட்டாங்களாம்னு யாரோ டீக்கடையில பேசிக்கிட்டாங்களாம். யாரு பேசினா? தெரியாது. எந்த டீக்கடை? தெரியாது. ஆனா நான் உடனே வேன்காரனுக்குப் போன் போட்டேன். ஒரு வேன் போதும்தான். இருந்தாலும் நம்ம பக்கம் நாலு ஆளு இருந்தா நல்லதுன்னு ரெண்டு வேன் சொன்னேன். ஆமா, ரெண்டு வேன். சண்டைக்குன்னு இல்ல, ஒரு பலத்துக்கு.

விருந்து அன்னைக்குக் காலையில மாப்பிள்ளை மறுபடியும் கூப்பிட்டாரு. "மாமா, நீங்களும் அத்தையும் மட்டும் முதல்ல கார்ல வந்துடுங்க. வேன் ரெண்டு மணி நேரம் கழிச்சு வரட்டும். உங்களைத் தனியாப் பார்த்தா அப்பா சமாதானம் ஆயிடுவாரு"ன்னாரு. நான் என்ன சொன்னேன் தெரியுமா? "புளிசாதம் கிளறியாச்சு மாப்பிள்ளை. வண்டிக்கு நேரம் சொல்லியாச்சு. இனிமே நிறுத்த முடியாது."

ஏன் அப்படிப் பார்க்கறீங்க? தயிர்சாதத்தை யாரு என்ன பண்றது? வெயில் வேற.

வேன் டிரைவர் சங்ககிரிப் பையன். யாருக்கோ போன்ல, "ஆளு நெறைய வருதுண்ணே"ன்னு சொல்லிட்டான். நாங்க போயிச் சேர்றதுக்குள்ள சம்மந்தியோட பங்காளிங்க எல்லாரும் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு கேட்டுல நிக்கறாங்க. நடுவுல அவரு. எங்க வேனு அவங்க கேட்டுக்கு நேரா நின்னுது.

இப்போதான் தம்பி விஷயமே. எங்க பக்கத்துல வந்தவங்களை வாசல்ல நின்னு 'வாங்க'ன்னு கூப்பிடணும். ஒவ்வொருத்தரையும் மூஞ்சியைப் பார்த்துக் கூப்பிடணும். 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை விட்டுப்போனா மூணு தலைமுறைக்குப் போக்குவரத்து நின்னுடும். அவரு வாங்கன்னு சொல்லட்டும், இறங்கறேன்னு நான் முன்சீட்டுல உட்கார்ந்திருந்தேன். அவரு என்ன சொன்னாருன்னு அப்புறம் தெய்வானை அம்மா ராஜாமணிகிட்ட சொன்னாங்க. "இறங்கட்டும், சொல்றேன். வண்டிக்குள்ள உட்கார்ந்திருக்கற ஆளை வாங்கன்னு எப்படிக் கூப்பிடறது?"ன்னாராம். அதுவும் நியாயம்தான். ஆனா வாங்கன்னு சொல்லாத வீட்டுல எப்படி இறங்கறது? என் பக்கமும் நியாயம்தானே?

நியாயத்தை வெச்சுக்கிட்டு ரெண்டு பேரும் ஒருத்தர் மூஞ்சியை ஒருத்தர் பார்த்துக்கிட்டு இருந்தோம். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவரு. ராஜாமணி பின்னாடி இருந்து முதுகுல குத்தறா. குழந்தைங்க அழுவுது. தயிர்சாதம் புளிச்ச வாசம் வருது. என் சர்வீஸ்ல எந்த வண்டியும் அவ்வளவு நேரம் நின்னதில்ல.

அப்போ பூங்கோதை வெளியே வந்தா. பட்டுச்சேலை, தலை நிறையப் பூ, வயித்தைப் புடிச்சுக்கிட்டு மெதுவா நடந்து வர்றா. பங்காளிங்க தானா விலகினாங்க. நேரா வேனுக்குப் பின்னாடி போயி, கதவைத் திறந்து, ஒரு எலுமிச்சஞ்சாதப் பொட்டலத்தை எடுத்தா. அங்கேயே படியில உட்கார்ந்து பிரிச்சுச் சாப்பிட்டா. ரெண்டு ஊரு சனமும் பார்த்துக்கிட்டு நிக்குது. நான் பக்கக் கண்ணாடியில பார்க்கறேன். பசியில வேக வேகமா சாப்பிடறா, பள்ளிக்கூடம் விட்டு வந்தா சாப்பிடுவாளே, அதே மாதிரி. எனக்கு அழுகை வந்துட்டுது தம்பி. அழுதேன். ஆனா இறங்கலை.

சாப்பிட்டுக் கையைக் கழுவிட்டுச் சொன்னா. "அப்பா, மாமா, ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. விருந்துக்குன்னு காலையில இருந்து என்னைப் பட்டினி போட்டீங்க. எனக்குப் பசிக்குமேன்னு உங்க ரெண்டு பேருக்குமே தோணலை. நான் இங்கேயும் இல்ல, அங்கேயும் இல்ல. ஓசூருக்கே போறேன். நீங்க ரெண்டு பேரும் பேசிக்கிட்டு ஒண்ணா வந்தா கதவைத் திறப்பேன். தனித்தனியா வந்தா வந்த வழியே போயிடுங்க." மாப்பிள்ளை காரை எடுத்தாரு. போயிட்டாங்க. அவருக்கு ஓசூர்லதான் கம்பெனி வேலை.

பெல்ஜியம்னு ஒரு நாடு இருக்கு உங்க புத்தகத்துல. யாரு வம்புக்கும் போகலை. நடுவுல இருந்துச்சு, அதனால மிதிச்சுக்கிட்டுப் போனாங்க. மேடையில அதைச் சொன்னப்போ நான் கண்ணைக் கூடத் துடைச்சுக்கிட்டேன். எங்கேயோ இருக்கற பெல்ஜியத்துக்கு.

பொம்பளைங்க ஒரே வாரத்துல சமாதானம் ஆயிட்டாங்க. எங்களைக் கேக்கவே இல்ல. பிரசவத்துக்கு ராஜாமணியும் தெய்வானை அம்மாவும் ஒண்ணாப் போயி இறங்கி, இன்னைக்கு வரைக்கும் அங்கேதான் ஒரே சமையல்கட்டுல இருக்காங்க. நான் இங்கே ரசம் வெச்சுக் குடிக்கறேன். அவரும் சங்ககிரியில ரசம்தானாம். போட்டோ கூட அனுப்பக் கூடாதுன்னு பூங்கோதை சொல்லிட்டா. ராஜாமணிகிட்ட, மூக்காவது எப்படி இருக்குன்னு சொல்லுன்னு கெஞ்சினேன். "வந்து பாருங்க"ன்னு வெச்சுட்டா. மாடிக்குப் போயி அந்தக் கொக்கியைப் பார்க்கறதை விட்டுட்டேன் தம்பி. பார்க்க முடியலை.

இன்னொரு கூத்தைக் கேளுங்க. இப்போ என்னைக் கேட்டா அந்தப் போரைத் தவிர்த்திருக்கவே முடியாதுன்னுதான் சொல்வேன். அனுபவத்துல சொல்றேன். ஒவ்வொருத்தனுக்கும் அவனவன் காரணம் இருந்துருக்கும். ஆனா இவரு சங்ககிரியில எல்லார்கிட்டயும் என்ன சொல்லிக்கிட்டுத் திரியறாரு தெரியுமா? சுலபமாத் தவிர்த்திருக்கலாமாம். ஒரு ஆளு ஒரு படி கீழே இறங்கியிருந்தாப் போதுமாம். என் பேச்சை அப்படியே எடுத்து என் மேலயே வீசறாரு. இந்த ஆளோட எப்படிங்க சேர்ந்து போறது?

நேத்து ராஜாமணி போன் பண்ணா. "நாளைக்குச் சேலத்துல பத்து மணி வண்டியில ஏறுங்க"ன்னா. அவருக்கும் தெய்வானை அம்மா அதையே சொல்லியிருக்காங்க. ஒரே வண்டியில ஏறிட்டோம். ஒண்ணா வந்ததாத்தானே கணக்கு? பேசிக்கிட்டு வரணும்னு சொன்னாளேங்கறீங்களா? வாசப்படியில நின்னு ஒரு கனைப்பு கனைச்சாப் போதாதா?

என் கவலை அது இல்ல இப்போ. இது பெங்களூரு வண்டி. அவரு தூங்கினா இடியே விழுந்தாலும் தெரியாது. ஓசூர்ல எழுப்பலைன்னா நேரா பெங்களூருதான். நான் மட்டும் போயி நின்னா கதவு திறக்காது. நீங்க ஒரு உதவி பண்ணணும். ஓசூர் வந்ததும் அவரைத் தட்டி எழுப்பி விட்டுடுங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க.

என்னது, கிருஷ்ணகிரி வந்துட்டுதா? ஆமா, நீங்க முன்னாடியே சொன்னீங்க. அப்போ யாருங்க எழுப்பறது? தம்பி, ஓசூர் வரைக்கும் வாங்களேன். டிக்கெட்டு நான் எடுக்கறேன். திரும்பி வர்ற டிக்கெட்டும் எடுக்கறேன். நானா? நான் எப்படித் தம்பி எழுப்பறது? எழுப்பணும்னா கூப்பிடணுமே. கூப்பிட்டா நான் முதல்ல பேசினதாயிடுமே.

சரி, எழுந்திருங்க. பையைப் பார்த்து எடுங்க. பரீட்சை நல்லா எழுதுங்க. அந்தக் கேள்வி வந்தா ரெண்டு பக்கமும் எழுதி வைங்க.

யாரு? யாரு பேசினது? அவரா? திரும்பவே இல்லையே. கண்ணு மூடித்தானே இருக்கு? என்ன சொன்னாரு?

"ரெண்டு வேன் இல்ல தம்பி, மூணு வேன். நான் எண்ணினேன்."

பார்த்தீங்களா! பார்த்தீங்களா தம்பி! அவருதான் முதல்ல பேசினாரு! நீங்கதான் சாட்சி, ஓசூர்ல யாரு கேட்டாலும் நீங்கதான் சாட்சி. தூங்கவே இல்ல. சேலத்துல இருந்து குல்லாவைக் காது வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு அத்தனையும் கேட்டுக்கிட்டு வந்திருக்காரு. கொக்கியையும் கேட்டுட்டாரா? ரசத்தையுமா? எனக்கு வெக்கமா இருக்குங்க.

ஒரு நிமிஷம் தம்பி, இறங்கறதுக்கு முன்னாடி இதை மட்டும் சொல்லிட்டுப் போங்க. பக்கத்துச் சீட்டுல வெச்சிருந்த பையை எடுத்து இப்போ மடியில வெச்சுக்கிட்டாரு. நீங்களும் பார்த்தீங்கதானே? வாயைத் திறந்து சொல்லலை, பையை மட்டும்தான் எடுத்தாரு. அதை 'வாங்க'ன்னு எடுத்துக்கலாமா, கூடாதா?

எடுத்துக்கறேன் தம்பி. எடுத்துக்கறேன். நீங்க பார்த்து இறங்குங்க. ஓசூருக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருக்கு. நான் போயி அந்த மூணாவது வேனைப் பத்தி அவருக்கு விளக்கணும்.